'டப்' என்று குதிக்கும் ஸ்பீக்கர்!

குட்டீஸ்... திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பழவேற்காடு ஏரிப் பக்கம் போயிருக்கிறீர்களா? காட்டூர் போன்ற அந்தப் பகுதி ஊர்களில் திருவிழா என்றால், முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். மைக் செட் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போட்டதும், ஸ்பீக்கரில் 'டப்!' என்று ஒரு சத்தம். தொட்டிலில் தூங்கும் பாப்பா கூட எழுந்து அழும்!

இன்னும் பாட்டே போடவில்லை. அதற்குள் இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?

ஆம்ப்ளிஃபயருக்குள் 'ஐ.சி.' என்ற கறுப்பு நிறச் சில்லு இருக்கும். ரேடியோ ரிப்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள், 'எல்.ஏ. 4440' என்ற ஐ.சி.யைத் தெரியாதவர் இருக்க மாட்டார். மைக்கில் இருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தைப் பெரிதாக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் இதன் வேலை.

ஒலி என்பது மேலும் கீழும் ஆடும் அலை அல்லவா? அதனால், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஐ.சி., யாரும் பேசாதபோதும் நடுவில், அதாவது சுமார் 6 வோல்ட்டில் நிற்கும். அங்கிருந்து மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். ஆனால், அந்த 6 வோல்ட் ஸ்பீக்கருக்குள் ஓயாமல் பாய்ந்தால், அதன் கம்பிச்சுருள் சூடாகிக் கருகிவிடும். அதைத் தடுக்கத்தான் நடுவில் ஒரு மின்தேக்கியை வைக்கின்றனர். கடைக்காரர்கள் இதை 'கண்டன்சர்' என்பர். ஆடாமல் நிற்கும் மின்சாரத்தை இது மறிக்கும். ஆடும் ஒலி அலையை மட்டும் விடும்.

இப்போது பழவேற்காடு முகத்துவாரத்துக்கு வாருங்கள். ஏரியும் கடலும் சேரும் இடம் அது. மணல் சேர்ந்து அடைத்துக் கொண்ட முகத்துவாரத்தை வெட்டி விட்டால் என்ன ஆகும்? உயரமான பக்கத்தில் இருந்து தண்ணீர் பாய்ந்து வரும். இரண்டு பக்கமும் சமமானதும் அடங்கிவிடும். அந்த நேரம் வாயில் ஒரு படகு நின்றால்? தூக்கிப் போட்டுவிடும்!

ஸ்பீக்கரும் அந்தப் படகு மாதிரிதான். சுவிட்சைப் போட்டதும் காலியான மின்தேக்கி நிரம்ப வேண்டும். அந்த மின்சாரம் முழுக்க ஸ்பீக்கர் வழியாகத்தான் பாய வேண்டும். உடனே ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஒரு குதி குதிக்கிறது. அதுதான் 'டப்!'

வாயை மெல்ல மெல்லத் திறந்தால் படகு ஆடாது அல்லவா? நல்ல ஐ.சி.க்களிலும் இதே தந்திரம்தான். நடு வோல்ட்டேஜ் மெதுவாக ஏறும்படி அமைத்திருப்பர். சில பெரிய ஆம்ப்ளிஃபயர்களில், ஆன் செய்த சில விநாடிகள் கழித்து 'டிக்' என்று கேட்கும். உள்ளே எல்லாம் அடங்கிய பிறகு ரிலே ஸ்பீக்கரை இணைக்கும் சத்தம் அது.

நீங்களும் துப்பறியலாம்!

* ஆன் செய்யும்போது மட்டும் ஒரு 'டப்' – மின்தேக்கி நிரம்பும் சத்தமாக இருக்கலாம்.

* பேசும்போது நடுநடுவே 'டப்... கர்...' – வயர் லூசாக இருக்கலாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பின்கள் களிம்பு பிடிக்கும்.

* சத்தம் கூட்டினால் மட்டும் 'டப் டப்' – பேட்டரியில் சார்ஜ் போதவில்லையோ என்று பாருங்கள்.

* வால்யூம் குமிழைத் திருகும்போது 'கரகர' – உள்ளே தூசி.

ஆன் செய்யும்போது மைக், மிக்சர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மைக் வயரைச் சொருகும் முன் வால்யூமைக் குறையுங்கள். பாதி 'டப்' இதிலேயே போய்விடும்.

சின்னச் சத்தத்துக்கு இவ்வளவு அக்கறையா என்கிறீர்களா? புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26ம் தேதி, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், டி.வி.யில் சுனாமி செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராம அறிவு மையத்துக்கு ஓடினர். அங்கிருந்த ஒலிபெருக்கியில், 'எல்லாரும் மேட்டுக்குப் போங்க' என்று அறிவித்தனர். படகுகளும், வீடுகளும் போயின. ஆனால், 3,500க்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தனர்!

அன்று அந்த ஒலிபெருக்கி கெட்டுக் கிடந்திருந்தால்? அதனால்தான் 'டப்', 'கர்' என்று அது முனகும்போதே கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை குட்டீஸ்... ஆம்ப்ளிஃபயரை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். காதால் துப்பறியுங்கள், கை வைப்பதை மெக்கானிக் அண்ணனிடம் விட்டுவிடுங்கள். சரியா?