கண்ணைக் கட்டுவது யாருக்கு?



வெரிபீயில் மரக்கறிக் கடையில் நின்றபோது ஐயா ஒருவர் கேட்டார்: "தம்பி, மந்திரியாக வாறவர் தன்ர பங்குகளை என்ன செய்யிறவர்? எல்லாத்தையும் வித்துப்போட்டோ வரவேணும்?" அங்கே நின்றபடி அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இந்த மாத உரையில் சொல்கிறேன்.

ஒருவருக்கு வங்கியொன்றில் பங்குகள் இருக்கின்றன. அவரே வங்கிகளுக்கு விதி வகுக்கும் அமைச்சராகிறார். நேர்மையானவர் என்றாலும் ஊர் சந்தேகப்படும். பங்குகளை விற்றுவிடலாம். அல்லது 'பிளைண்ட் டிரஸ்ட்' ஒன்றில் போடலாம். அதாவது, தனக்கு உறவோ வியாபாரத் தொடர்போ இல்லாத ஒரு பொறுப்பாளரிடம் சொத்தை ஒப்படைப்பது. அவர் தன் எண்ணப்படி விற்பார், வாங்குவார். இப்போது எந்தக் கம்பனியில் பணம் இருக்கிறது என்று உரியவருக்குச் சொல்லக்கூடாது. தெரியாத பங்குக்குச் சாதகமாக எப்படி முடிவெடுப்பது? சொத்துக்காரரின் கண்ணைக் கட்டிவிடுவதுதான் இதன் சூட்சுமம்.

ஆனால் பொறுப்பாளர் பழைய பங்குகளை விற்று முடிக்கும் வரை கட்டு இறுகாது. என்ன கொடுத்தோம் என்பது கொடுத்தவருக்கு நினைவிருக்கும் அல்லவா? அமெரிக்க ஜனாதிபதி ஜிமி காட்டர் 1977 இல் தன் கச்சான் வியாபாரத்தை இப்படி ஒப்படைத்தார். விற்கப்படாத கச்சான் களஞ்சியம் தன்னுடையது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? (பாவம், 1981 இல் பதவி முடிந்து திரும்பியபோது அந்த வியாபாரம் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கடனில் கிடந்தது.) காணிக்கும் இதே கதைதான். வெரிபீக்கு வெளியே வெறுங்காணி வைத்திருக்கும் நகரசபை உறுப்பினரின் கண்ணை யாரும் கட்ட முடியாது. அதனால்தான் விக்டோரியாவின் 2020 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம், தன் நலன் சம்பந்தப்பட்ட விடயம் வந்தால் அதைச் சொல்லி, அந்த முடிவிலிருந்து விலகி நிற்கச் சொல்கிறது.

அவுஸ்திரேலியாவில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1996 ஒக்டோபரில், விக்டோரியா செனட்டர் ஜிம் ஷோர்ட் உதவி நிதியமைச்சராக இருந்துகொண்டு ஏ.என்.இசட். வங்கிப் பங்குகளை வைத்திருந்தது வெளிவந்து பதவி விலகினார். ஜோன் ஹவாட் ஆட்சிக்கு வந்து அப்போது ஏழு மாதம்தான்.

இனி நான் உண்மையில் சொல்லவந்த விடயம். 2021 மார்ச்சில், அப்போது சட்டமா அதிபராக இருந்த கிறிஸ்டியன் போர்ட்டர் ஏ.பி.சி. மீது மானநட்ட வழக்குப் போட்டார். தன்மீது வந்த பாரதூரமான பழைய குற்றச்சாட்டொன்றை அவர் முற்றாக மறுத்திருந்தார். மே மாத இறுதியில் வழக்கைக் கைவிட்டார். செப்டெம்பரில் நாடாளுமன்ற நலன் பதிவேட்டில் ஒரு குறிப்பு வந்தது: வழக்குச் செலவில் ஒரு பகுதியை ஒரு 'பிளைண்ட் டிரஸ்ட்' கொடுத்தது, பணம் போட்டவர்கள் யாரென்று தனக்குத் தெரியாது என்று.

பெயர் அதேதான், வேலை தலைகீழ். அமைச்சர் தன் பங்குகளை ஒப்படைக்கும்போது அவருடைய கண் கட்டப்படுகிறது. இங்கே வெளியார் பணம் உள்ளே வந்தது. கட்டப்பட்டது எங்கள் கண்! தனக்குத் தெரியாது என்று அமைச்சர் சொல்வதை நம்பலாம், நம்பாமலும் விடலாம். ஆனால் கொடுத்தவருக்குத் தான் கொடுத்தது தெரியும். நாளைக்கு அவர் வந்து காதோடு காதாகச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?

செப்டெம்பர் 19 அன்று போர்ட்டர் அமைச்சர் பதவியை விட்டார். கொடுத்தவர்களின் பெயர் வரவில்லை. விடயத்தைச் சிறப்புரிமைக் குழுவுக்கு அனுப்பத் தொழிற்கட்சி கேட்டது. சபாநாயகர் டோனி சிமித் இடமளித்தும், அரசு தன் வாக்குப் பலத்தால் அதைத் தோற்கடித்தது. என் அபிப்பிராயத்தில், பதவி விலகலைவிடப் பெரிய விடயம் அந்த வாக்கெடுப்புத்தான். 2022 இல் வந்த அல்பனீசி அரசு அமைச்சர்களுக்கான புதிய ஒழுக்கக் கோவையில் 'பிளைண்ட் டிரஸ்ட்' வைத்திருப்பதையே தடுத்தது.

எங்களுக்கு ஏன் இது? ஒரு அமைச்சரின் கையெழுத்து என்ன பாரம் என்று எங்களைவிட அறிந்தவர் யார்? 2022 ஓகஸ்டில் பிலோயிலாக் குடும்பத்துக்கு நிரந்தர விசா கிடைத்தது அமைச்சரின் தனிப்பட்ட தலையீட்டினால்தான். அப்படிக் கையெழுத்து வைக்கும் கைக்குள் யார் காசு வைத்தார் என்று கேட்பதற்கு, வரி கட்டும் எங்களுக்கு உரிமை உண்டு.

பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களின் நலன் பதிவேடு நாடாளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. பங்கு, வீடு, கடன், பரிசு, மனைவி அல்லது கணவனின் நலன் எல்லாம் அதில் வரும். மாற்றமிருந்தால் 28 நாளுக்குள் எழுதவேண்டும். சிலவற்றில் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுமை வேண்டும். நகரசபை உறுப்பினர்களின் சுருக்கம் சபையின் தளத்தில் உண்டு. ஆங்கிலம் சிரமமென்றால் வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மரக்கறிக் கடை ஐயாவுக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.