மின்கடத்து உயிர்ப்பல்லுறுப்பி நுண்ணிழை

மின்கடத்து உயிர்ப்பல்லுறுப்பி நுண்ணிழை என்பது உயிரினங்களிலிருந்து பெறப்படும் பல்லுறுப்பியில் (பாலிமர்) கரிம நுண்குழாய்களைக் கலந்து நூற்கப்படும், மின்சாரத்தைக் கடத்தவல்ல மெல்லிய இழை ஆகும். இதயத்தசையும் நரம்பும் மின்குறிப்புகளால் இயங்குகின்றன. அவற்றின் பழுதுற்ற பகுதியைத் தாண்டிக் குறிப்புகளைக் கொண்டுசெல்வதற்காக இவ்விழைகள் ஆராயப்படுகின்றன.

தேவை

பிளாட்டினம் போன்ற உலோகக் கம்பிகள் நன்கு மின்கடத்தும். எனினும் அவை திசுக்களைவிடப் பன்மடங்கு விறைப்பானவை. நாளடைவில் கம்பியைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து குறிப்பு மங்கக்கூடும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசனும், கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட்டும் மென்மையானவை. ஆனால் உலர்ந்த நிலையில் அவை மின்கடத்துவதில்லை. இக்குறையைக் கரிம நுண்குழாய்கள் ஈடு செய்கின்றன.

கரிம நுண்குழாய்கள்

இவை கரிம அணுக்களாலான, சில நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்கள். 1991 இல் சப்பானிய அறிவியலாளர் சுமியோ இஜிமா வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இவை பரவலாக அறியப்பட்டன. மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் கிடைத்த பழங்காலப் பானை ஓடுகளின் கரும்பூச்சில் இவை காணப்படுவதாக 2020 இல் ஓர் ஆய்வு வெளியானது.

செய்முறை

நுண்குழாய்கள் நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் இயல்புடையவை. மீயொலி செலுத்திக் கலக்கும்போது, பல்லுறுப்பியின் நீண்ட மூலக்கூறுகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு பிரித்து வைக்கின்றன. பின்னர் இக்கலவை நுண்ணிய ஊசி வழியே வேறொரு கரைசலுக்குள் செலுத்தப்படுகிறது. கைட்டோசன் காரக் கரைசலிலும், ஆல்ஜினேட்டு கால்சியம் குளோரைடுக் கரைசலிலும் இழையாக உறைகின்றன. இம்முறை ஈரநூற்பு எனப்படும்.

குழாய்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ச்சியான பாதை அமைந்தால் மட்டுமே இழை நன்கு மின்கடத்தும். குழாய்கள் அளவுக்கு மிஞ்சினால் இழை எளிதில் முறியும்.

பருமன்

இவ்விழைகள் பெரும்பாலும் சில பத்து மைக்ரோமீட்டர் தடிப்புள்ளவை. ஒப்பீடாக, கண் அறுவையில் பயன்படும் 10-0 அளவுத் தையல் இழையின் விட்டம் 20 முதல் 29 மைக்ரோமீட்டர் ஆகும். மதுரையில் 1992 இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் கண் அறுவைக்கான தையல் இழைகளைத் தயாரிக்கிறது. அவை மின்கடத்தா வகையின.

ஆய்வுகள்

2007 இல் ஆத்திரேலியாவின் வொல்லொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிர்ப்பல்லுறுப்பிகளும் நுண்குழாய்களும் சேர்ந்த இழைகளை நூற்று வெளியிட்டனர். 2019 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் டெக்சாசு இதய நிறுவனமும், பல்லுறுப்பி சேராத நுண்குழாய் இழைகளை ஆடுகளின் இதயத்தில் பழுதுற்ற பகுதியின் குறுக்கே தைத்து, மின்கடத்தலை மீட்டதாக அறிவித்தன.

பாதுகாப்பு

நீண்ட பலசுவர் நுண்குழாய்கள் எலிகளின் வயிற்றறையில் கல்நார் போன்ற அழற்சியை உண்டாக்கியதாக 2008 இல் ஓர் ஆய்வு காட்டியது. உயிர்ப்பல்லுறுப்பிகள் உடலில் மெல்லச் சிதையக்கூடியவை. அப்போது நுண்குழாய்கள் வெளிப்படுமா என்பதே மாந்தரில் இவற்றைப் பயன்படுத்துமுன் விடை காண வேண்டிய முதன்மையான வினாவாகும்.