கொத்சு பார்சல் கடலுக்குப் போகும் கதை!

சிதம்பரம் போனால் முதலில் நடராஜர் தரிசனம், அடுத்தது கொத்சு. சுடச்சுட இட்லியோடு கத்தரிக்காய் கொத்சு சாப்பிட்டவர்கள், வீட்டுக்கும் ஒரு பார்சல் சொல்லாமல் கிளம்புவதில்லை. பல கடைகளில் அந்தப் பார்சல் எப்படி வருகிறது என்று பாருங்கள். கொத்சுக்கு ஒரு கவர், சாம்பாருக்கு ஒன்று, சட்னிக்கு ஒன்று, மொத்தத்தையும் போட்டுத் தர ஒரு கேரி பேக். நாலு இட்லிக்கு நாலு பிளாஸ்டிக்!

சாப்பிட்டு முடித்ததும் அது குப்பைக்குப் போகிறது. அதற்கப்புறம்? கடலூர் மாவட்ட மேப்பை எடுத்துப் பார்த்தால் புரியும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என எல்லாமே இந்தக் கரையில்தான் கடலைத் தொடுகின்றன. பண்ருட்டியில் சாக்கடையில் விழுந்த கவருக்குக் கெடிலம் இருக்கிறது. விருத்தாசலத்தில் விழுந்ததற்கு மணிமுத்தாறும் வெள்ளாறும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், கோடை முழுக்க ஊருக்குள் சேர்ந்தது மொத்தமாகக் கடலுக்கு வந்துவிடும்.

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போதும், காணும் பொங்கலன்றும் கால் வைக்க இடமிருக்காது. மறுநாள் காலையில் மணலைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் சாக்குப்பையோடு இறங்கிப் பொறுக்குவது நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், பொறுக்கியதோடு நிறுத்தாமல் எண்ணவும் வேண்டும்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, உலகம் முழுக்கக் கடற்கரைத் தூய்மை தினம். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் இது தொடங்கியபோதே, எடுத்த குப்பை ஒவ்வொன்றையும் வகை பிரித்து எழுதி வைத்தார்கள். ஸ்ட்ரா எத்தனை, பாட்டில் மூடி எத்தனை, உணவு கட்டிய கவர் எத்தனை என்று கணக்கு இருந்தால்தான் யார் மாற வேண்டும் என்பது தெரியும். கடற்கரையைச் சுத்தம் செய்ய ஊழியர்களை அனுப்பும் ஹோட்டல்களும் ரிசார்ட்டுகளும் பேனர், டி-ஷர்ட்டோடு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோகலாம். தங்கள் கடைப் பெயர் போட்ட கவர் கிடைத்தால் இன்னும் நல்லது!

மும்பை வெர்சோவா கடற்கரையை 2015 முதல் வாராவாரம் சுத்தம் செய்தவர் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா. 2016-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் விருதும் பெற்றார். ஆனால், ஒவ்வொரு மழைக்கும் குப்பை திரும்பி வந்துகொண்டே இருந்தது. பிறகு அவர் மித்தி ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலையிலும் இறங்கினார்.

பிச்சாவரத்தின் மூச்சு

மணலில் கிடப்பதையாவது குனிந்து எடுத்துவிடலாம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில், கிள்ளை பக்கம் இருக்கும் பிச்சாவரத்தில் கதையே வேறு. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'யில் வந்த அதே அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே வெண்கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில்போல நீட்டிக்கொண்டிருக்கும். மரம் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். பக்கத்தில் சுரபுன்னையின் வேர்கள் நாற்காலிக் கால்கள்போல வளைந்து நிற்கும். தண்ணீரில் வரும் கவரும் பாட்டிலும் இந்த வலையில் மாட்டினால் வெளியே போகாது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, படகில் போய், வேர் உடையாமல் கையால்தான் எடுக்க வேண்டும். பொக்லைனுக்கு இங்கே வேலையே இல்லை.

1990-களில் இங்கே பட்டுப்போன பகுதிகளை மீட்க, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டின. கடல் தண்ணீர் உள்ளே வந்து போனதும் காடு திரும்பத் துளிர்த்தது. 2004 சுனாமியில் பின்னால் இருந்த கிராமங்களுக்குக் கேடயமாக நின்றதும் இந்தக் காடுதான். காட்டுக்கு உயிர் கொடுக்கும் தண்ணீர்தான் பிளாஸ்டிக்கையும் உள்ளே கொண்டு வருகிறது.

இந்தக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளையும் மறக்க முடியாது. மிதக்கும் கவர், ஆமையின் கண்ணுக்கு ஜெல்லி மீன்.

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், கேரி பேக், ஸ்ட்ரா எல்லாம் அதில் அடக்கம். பலருக்குத் தெரியாத ஒன்று, பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டீ ஒழுகாமல் இருப்பதே உள்ளே இருக்கும் அந்தப் பூச்சால்தான். 'நாங்க பேப்பர் கப்புக்கு மாறிட்டோம்' என்று பெருமைப்படும் கடைக்காரர்கள் கவனிக்கவும்.

ஆனால், தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் கையில் இருப்பதே அதுதான். நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022-ல் கொண்டுவந்தார்கள். காசு திரும்பக் கிடைக்கும் என்றால் பாட்டிலை யாரும் காட்டில் வீசுவதில்லை. பிச்சாவரம் படகுத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருப்பதாகத் தோன்றவில்லை.

நட்சத்திர ஹோட்டல்கள் பலவும் அறையில் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் வைக்க ஆரம்பித்துவிட்டன. அவர்களுக்கு அது சுலபம். சின்ன மெஸ் நடத்துகிறவருக்குக் கவரை விட்டால் குழம்பை எதில் கொடுப்பது என்பதுதான் கவலை. இட்லி, பொங்கல், வடைக்கு வாழை இலை போதும். குழம்புக்குத் தூக்குவாளிதான் வழி. தடை வந்த புதிதில், பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்குச் சில ஹோட்டல்கள் தள்ளுபடிகூடக் கொடுத்தன. அதைத் திரும்பக் கொண்டுவந்தால் உள்ளூர்க்காரர்கள் மாறுவார்கள்.

வெளியூர் பக்தர்கள் தூக்குவாளியோடு வரமாட்டார்களே? அங்கேதான் லாட்ஜ்கள் உதவ முடியும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் சிதம்பரம் லாட்ஜ்கள் நிரம்பி வழியும். ரிசப்ஷனில் பத்து எவர்சில்வர் தூக்கு வாங்கி வைத்து, அறைச் சாவியோடு ஒன்று கொடுத்தால் போதும். அறையைக் காலி செய்யும்போது சாவியும் தூக்கும் ஒன்றாகத் திரும்பி வந்துவிடும்.