மூல ஆவண வழிக் கணித வரலாறு கற்பித்தல்

கணித வரலாற்றைப் பிற்காலச் சுருக்கங்கள் வழியாக அல்லாமல், அந்தந்தக் காலத்தில் எழுதப்பட்ட கல்வெட்டு, ஓலைச்சுவடி, பழைய அச்சுநூல் ஆகியவற்றை மாணவரே வாசித்துக் கணக்கிட்டு அறியச் செய்யும் முறை மூல ஆவண வழிக் கற்பித்தல் எனப்படுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் 'டிரையம்ஃப்ஸ்' என்னும் திட்டம் இம்முறைக்கான பாடங்களை உருவாக்கியது. மூலநூலின் ஒரு பகுதி, அதையடுத்துச் சில வினாக்கள், பின் அடுத்த பகுதி என அவை அமைந்துள்ளன.

தமிழகத்தில் இதற்கான மூலங்கள் பள்ளிக்கு அருகிலேயே உள்ளன. பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்தின் வாலீசுவரர் கோயிலைப் போலச் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட கோயில்கள் பல ஊர்களில் இருக்கின்றன. கோயில் கல்வெட்டுகளில் பெரும்பகுதி நிலம், நெல், பொன், நெய் பற்றிய கணக்குகளே. அரசர் பெயரையும் ஆட்சியாண்டையும் குறித்துக்கொண்டு திரும்பிவிடும் பள்ளிச் சுற்றுலாக்களில் இந்தக் கணக்குகள் கவனிக்கப்படுவதில்லை.

வழிகாட்டப்பட்ட வாசிப்பு

முதல் வாசிப்பு உரக்கச் செய்யப்படும். மாணவர் பொருள் தெரியாத சொற்களைக் குறித்துக்கொள்வர். அடுத்து எண்ணுப்பெயர்களையும் அளவுப்பெயர்களையும் தனியே எழுதுவர். கணக்கைப் பழைய அலகிலேயே செய்து பார்ப்பது மூன்றாம் படி. இங்குதான் ஆசிரியர் பொறுமை காக்க வேண்டும். நாழியை உடனே லிட்டராக்கி, மாகாணியைத் தசமமாக்கிவிட்டால் மாணவர் முன் இருப்பது இன்றைய பாடநூல் கணக்கு ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு: நந்தாவிளக்கு

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் விடப்பட்டன. பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கு ஈடு, ஓர் எருமை ஆறு ஆடுகளுக்கு ஈடு என்பதை மாணவரே கண்டுகொள்வர்.

நான்கு உழக்கு ஒரு நாழி. ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் தேவைப்படும் நெய் 90 நாழி. 96 ஆடுகளுக்கு அதைப் பகிர்ந்தால் ஓர் ஆட்டுக்கு 15/16 நாழி. பழைய வாய்பாட்டில் இது முக்காலே மூன்று வீசம். பேச்சுவழக்கில் 'ஏறக்குறைய முழுவதும்' என்ற பொருளில் மட்டும் அறிந்த தொடர் இங்கே அளவாக வந்து நிற்கிறது. வேறு பல ஊர்க் கல்வெட்டுகளில் வரும் 90 ஆடுகளைக் கொண்டு கணக்கிட்டால் ஆட்டுக்குச் சரியாக ஒரு நாழி கிடைக்கும்.

இந்தப் பகிர்வைக் கல்வெட்டு சொல்லவில்லை. 360 நாள் என்பதும் வாசிப்பவர் கொண்ட ஊகம். நாழியின் அளவும் ஊருக்கு ஊர் மாறக்கூடியது. ஆவணம் சொல்வது எது, கணக்கிட்டவர் சேர்த்தது எது என்று இரண்டு நெடுவரிசைகளில் எழுதச் செய்வது நல்ல பயிற்சி. இந்த ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்கும் என்ற கருத்து அதிலுள்ளது. மந்தை நோயில் மடிந்தாலும் நெய் அளந்தாக வேண்டியவர் இடையரே என்பதும் வகுப்பில் பேசத்தக்கது.

சான்று கேட்டல்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காணப் போதையனார் பெயரில் ஒரு செய்யுள் இணையத்தில் உலவுகிறது. நீண்ட பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழித்து, சிறிய பக்கத்தில் பாதியைக் கூட்டுவது அதன் விதி. 3, 4 பக்கங்களுக்கு 5 வருகிறது. 5, 12 பக்கங்களுக்கு 13 வருகிறது. 8, 15 பக்கங்களுக்கு 17 வர வேண்டிய இடத்தில் 17⅛ வருகிறது. எனவே இது தோராய விதி. வர்க்கமூலம் இல்லாமல் கைக்கணக்காகச் செய்ய எளியது. பித்தாகரசை வென்றதாகப் பகிரப்படும் இச்செய்யுளோடு அது எந்தச் சுவடியில், எந்தப் பதிப்பில் உள்ளது என்ற குறிப்பு பெரும்பாலும் வருவதில்லை. மூலத்தை வாசிக்கப் பழகிய மாணவர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான்.

தொடக்க வகுப்புகளுக்கு எண்சுவடியின் கீழ்வாய் இலக்கங்களும் (முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20), மேல் வகுப்புகளுக்குக் கணக்கதிகாரமும் பொருந்தும். அரைவிட்டத்தை அரைச்சுற்றளவால் பெருக்கி வட்டத்தின் பரப்பைக் காணும் விதி கணக்கதிகாரத்தில் உள்ளது. π என்ற குறியீடின்றி அது சரியாக இருப்பது எப்படி என்று மாணவர் கயிற்றைக் கொண்டே சோதிக்கலாம்.