உங்களுக்குத் தெரியுமா? அணு உலை வேலிக்கு வெளியே பொறுப்பு ஆட்சியருக்கு!

கோவை நூற்பாலைகளையும் திருப்பூர் பின்னலாடைக் கூடங்களையும் ஓட்டும் மின்சாரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பங்கும் உண்டு. அங்கே கதிர்வீச்சு கசிந்தால் உத்தரவிடுவது யார்? வேலிக்கு உள்ளே நிலைய இயக்குநர். வெளியே திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர். சுற்றிலும் 16 கி.மீ. வரையுள்ள ஊர்களில் கதவு, சன்னலைச் சாத்தி வீட்டுக்குள் இருக்கச் சொல்வதும், தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை கொடுப்பதும், தேவைப்பட்டால் பேருந்தில் ஏற்றி வெளியேற்றுவதும் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. இவர்களுக்கு மேலே 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படியான தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இருக்கின்றன.

இத்தனை கைகள் இருப்பதே பாதுகாப்பு என்பார்கள். கண்காணிப்பில் அது சரிதான். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடிப்பார். ஆபத்து நேரத்தில் பல குரல்கள் ஒலித்தால் கதை வேறு. 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின்போது அதிகாரிகள் முன்னுக்குப்பின் முரணாகப் பேச, மக்கள் ஆயிரக்கணக்கில் தாமாகவே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஒரே குரலில் பேசப் பழக ஒத்திகை வேண்டும். அதை நடத்தினால் வீண் பீதிதான் கிளம்பும் என்ற வாதமும் நிற்காது. 2004 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் பம்ப் அறைக்குள் வெள்ளம் புகுந்தும் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. பக்கத்து ஊழியர் குடியிருப்பிலோ உயிர்கள் போயின. உள்ளே இருந்த தயார்நிலை வெளியே இல்லை. ஆகவே ஒத்திகை, கோப்போடு முடியாமல் கூடங்குளத்தைச் சுற்றிய அந்த 16 கி.மீ.க்குள் ஒவ்வொரு தெருவுக்கும் போய்ச் சேர வேண்டும்.