எதற்குக் கீழே ‘ஈயம் இல்லை’?

பழைய வீட்டில் ஈயப் பெயிண்டைத் தேடுகிறவர் சுவரைவிட ஜன்னல் கிரில், கதவு, கேட் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவற்றில் அடித்த எனாமலில், அதுவும் பளிச்சென்ற மஞ்சளிலும் ஆரஞ்சிலும், நிறத்துக்காக ஈயச் சேர்மமான லெட் குரோமேட்டைக் கலப்பது வெகுகாலம் சாதாரண வழக்கம். இரும்புக்கு அடித்த செந்நிற பிரைமரிலும், பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்காகச் சேர்த்த ட்ரையரிலும்கூட ஈயம் உண்டு.

ஈயம் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் சோதனைக் குச்சிகள் விற்கின்றன. அவற்றில் இருப்பது ரோடிசோனேட் என்ற ரசாயனம். மேல் கோட்டில் தேய்த்தால் போதாது. அடிவரை கீறி, எல்லா அடுக்கிலும் படவைக்க வேண்டும். சிவப்பு பெயிண்டின் சாயமே குச்சியில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். ஜிப்சம் தூசி கலந்தாலோ நிறம் மாறாமலே போகலாம்.

பெரிய சிக்கல் வேறு. இத்தகைய குச்சிகளுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் தருவது, 0.5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள ஈயத்தைத் தவறவிடாமல் காட்டுகிறதா என்று பார்த்து. அதாவது 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு). இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான புதுப் பெயிண்டுக்கு உச்சவரம்பு 90 பிபிஎம். குச்சி நிறம் மாறவில்லை என்பதற்காக அந்த வரம்புக்குள் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. கடைக்காரர் இதைச் சொல்லப்போவதில்லை.

அடுத்தது எக்ஸ்ஆர்எஃப் கருவி. பார்க்க டிரில்லிங் மெஷின் மாதிரி இருக்கும். அதன் எக்ஸ் கதிர் அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் ஒன்றைத் தட்டி வெளியேற்றும். காலியான இடத்துக்கு வெளிவட்ட எலக்ட்ரான் இறங்கும்போது இன்னொரு எக்ஸ் கதிர் கிளம்பும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஈயத்துக்குச் சுமார் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட். வம்பு என்னவென்றால், ஆர்செனிக்கின் கதிரும் அதே இடத்தில்தான் விழும். கரையானுக்கு ஆர்செனிக் மருந்து ஏற்றிய மரமென்றால் குழப்பம்தான். ஆகவே 12.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும் ஈயத்தின் இன்னொரு கதிரையும் பார்க்க வேண்டும். காட்மியம், குரோமியம் இருந்தாலும் கருவி காட்டும். ஆனால் அந்தக் குரோமியம் சாதுவான பச்சை ஆக்சைடா, நஞ்சான குரோமேட்டா என்று பிரித்துச் சொல்லாது.

90 பிபிஎம் அளவுக்கு நுணுக்கமான கணக்கு வேண்டுமென்றால் ஆய்வகம்தான் வழி. பெயிண்டைச் சுரண்டி, நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, ஐசிபி என்ற கருவியில் அளப்பார்கள். சுரண்டும்போது மரத்தூள் சேர்ந்தால் எடை கூடி, ஈயத்தின் விகிதத்தைக் குறைத்துக் காட்டும். புது டப்பாவைச் சோதிப்பதானால் கண்ணாடியில் பூசி, நன்றாகக் காயவிட்டுச் சுரண்டித் தர வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மாதிரி வேண்டும்.