அப்பாவின் பலகைத் தரைக்கு என்ன பூசுவது?

ஈப்போவில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் மாடி முழுவதும் பலகைத் தரைதான். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே அப்பா மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார். கிழிந்த பனியன் துணியில் மெழுகைத் தொட்டு, அறை அறையாகத் தேய்ப்பார். அவர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பலகை கறுத்தது. ஒருநாள் அம்மாவின் காலில் சிலாம்பு ஏறியபோதுதான், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று புரிந்தது.

இயந்திரம் வைத்துத் தேய்க்க இரண்டு நாள் பிடித்தது. தூசு அடங்கியதும் செங்கால் மரத்தின் பழுப்புப் பொன் நிறம் வெளியே வந்தது. "அண்ணே, மேலே என்ன அடிக்கட்டும்?" என்று வேலைக்கு வந்தவர் கேட்டார். வீட்டில் நான்கு பேர், நான்கு பதில். தம்பிக்குக் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். மகனுக்கு ஆஸ்துமா என்பதால் மனைவிக்கு வாடையே ஆகாது. அம்மாவுக்கு வழுக்கக் கூடாது. எனக்கு அப்பா காலத்துத் தரை திரும்ப வேண்டும்.

மூன்று வழிகள்

எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் உறுதியானது. மரத்துக்கு மஞ்சள் கலந்த சூடான நிறம் கொடுக்கும். நாளாக ஆக அந்த மஞ்சள் கூடும். வாடை கடுமை. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஒரு நாள் காத்திருக்க வேண்டும். நம் ஊர் மழை ஈரத்தில் இன்னும் தாமதமாகும்.

தண்ணீர் சார்ந்த பாலியூரித்தேனில் வாடை குறைவு. சில மணி நேரத்தில் காயும், நிறமும் பெரிதாக மாறாது. ஆனால் முதல் பூச்சில் மரத்தின் நார் எழுந்து தரை சொரசொரக்கும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு.

மூன்றாவது, 'ஹார்ட்வேக்ஸ் ஆயில்' என்கிற மெழுகு எண்ணெய். மரத்துக்குள் இறங்கி, பளபளப்பில்லாமல் இயல்பாக இருக்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பாலியூரித்தேன் தேய்ந்தால் பெரும்பாலும் அறை முழுவதையும் தேய்த்துப் பூச வேண்டிவரும். ஆனால் மெழுகு எண்ணெயை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

மூலையில் கிடைத்த பாடம்

அலமாரி நின்ற மூலையில் மூன்றையும் கொஞ்சம் பூசிப் பார்த்தோம். தண்ணீர் சார்ந்தது ஓரிடத்தில் ஒட்டாமல், மீன் கண் போலக் குழிகுழியாக விலகியது. காரணம் அப்பாவின் மெழுகு! பலகை இடுக்கில் மிச்சம் இருந்திருக்கிறது. மெழுகின் மேல் பாலியூரித்தேன் பிடிக்காது. டர்பன்டைன் தொட்ட துணியால், துணியை மாற்றி மாற்றி இடுக்குகளைத் துடைத்தோம். நன்றாகக் காயவிட்டு, மீண்டும் லேசாகத் தேய்த்தோம். அந்த மூலையில் பார்க்காமல் மாடி முழுவதும் பூசியிருந்தால் செலவு இரட்டிப்பாகியிருக்கும்.

மனம் மெழுகு எண்ணெயைத்தான் கேட்டது. அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்: "உங்கப்பா வருசா வருசம் முட்டி போட்டாரு. நீ போடுவியா?"

பதில் எனக்கே தெரியும். எந்தப் பூச்சு அழகு என்பதைவிட, அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் தண்ணீர் சார்ந்தது, பளபளப்பில்லாத வகையில், மூன்று பூச்சு. மின்னும் தரையில் கீறலும் தூசும் பளிச்சென்று தெரியும் என்றதும் தம்பியும் சம்மதித்தான். மகனை ஒரு வாரம் பாட்டி வீட்டுக்கு அனுப்பினோம்.

நீங்களும் கவனியுங்கள்

* பூசும் முன் தூசை உறிஞ்சி எடுத்து, ஈரமில்லாமல் துடையுங்கள்.
* மழையில்லாத நாட்களாகப் பாருங்கள். சன்னல் திறந்திருக்கட்டும்.
* மறுநாள் நடக்கலாம் என்றாலும், கனமான சாமான்களுக்குச் சில நாளும் பாய், கம்பளத்துக்கு இரண்டு வாரமும் பொறுங்கள். டப்பாவில் உள்ள குறிப்பே இறுதி.
* எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

சாமி அறைக்கு மட்டும் மெழுகு எண்ணெய் பூசினேன். எட்டடிக்கு ஆறடி. வருகிற தீபாவளிக்கு அந்த அளவுக்கு என்னாலும் மண்டியிட முடியும்.